மீன் செவுளும் மண்டையோடும்



நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நல்லது.

சென்னை, பெங்களூரு, ஆரோவில் பக்கமெல்லாம் மசாஜ் செய்யும் இடங்களில் "கிரேனியோசேக்ரல் தெரபி" என்ற பெயர் இப்போது அடிபடுகிறது. அபியங்கம், சிரோதாரா என்ற வரிசையில் இதையும் சேர்த்து அச்சடித்து வைத்திருப்பதால், பலரும் இதை நம் ஊர்ச் சரக்கு என்றே நினைத்துவிடுகிறார்கள். பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "டீச்சர், இது நம்ம வர்மம்தானே? வெள்ளைக்காரன் பேரை மாத்திட்டானா?"

இல்லை. வர்மத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் முளைத்தது. 125 வருடக் கதை. எனக்குத் தெரிந்த பாடம் வரலாறு. வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு வைத்தியம் எங்கிருந்து வந்தது, முதலில் சொன்னவர் யார், அதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று தேடுவது வரலாற்று டீச்சர் வேலைதான்.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் கிடையாது. போட்டிருக்கும் உடையோடு மல்லாந்து படுத்தால் போதும். செய்பவர் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்காருவார். இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம் மாதிரி சேர்த்துப் பிடரிக்கு அடியில் கொடுத்து, தலையின் பாரத்தை முழுதாக வாங்கிக்கொள்வார். விரல் நுனிகள் மண்டையும் கழுத்தும் சேரும் அந்த மடிப்பில் நிற்கும். அவ்வளவுதான். தேய்ப்பது இல்லை, பிசைவது இல்லை, நெட்டி முறிப்பது இல்லை. கழுத்துத் தசை தானாக விட்டுக்கொடுக்கும்வரை சும்மா இருப்பார். இரண்டு நிமிடமும் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம்.

அடுத்து நெற்றி. நெற்றி எலும்பின் இரண்டு ஓரங்களிலும் விரல்களை வைத்து, கூரையைப் பார்த்துத் தூக்குவது போல மிக லேசாக ஒரு இழுப்பு. பிறகு காதுக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் எலும்புகளை உச்சியை நோக்கி. பிறகு பொட்டில் கட்டைவிரல்களை வைத்து ஒன்று. காது மடலைப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்த்து மெல்ல இழுப்பது இன்னொன்று. பிடரி எலும்பை இரண்டு கட்டைவிரல் மேடுகளுக்கு மேல் ஏந்திக்கொண்டு, உள்ளே இருப்பதாகச் சொல்லப்படும் அசைவு கொஞ்ச நேரம் நின்றுபோகும்வரை காத்திருப்பதும் உண்டு. அந்த நிறுத்தத்தை இவர்கள் பெரிய விஷயமாகச் சொல்வார்கள். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அதுதானாம்.

எவ்வளவு அழுத்தம்? 5 கிராம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் புழங்கும் நிக்கல் என்ற 5 சென்ட் காசின் எடை அது. 1990களில் நம் கையில் புழங்கிய ஒரு ரூபாய் ஸ்டீல் காசு ஞாபகம் இருக்கிறதா? அது 4.85 கிராம். அதை நெற்றியில் வைத்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் கையின் பாரம்.

இந்த 5 கிராம் கையை வைத்து அவர்கள் தேடுவது ஒரு தாளத்தை. தலை மிக நுணுக்கமாக அகன்று, பிறகு ஒடுங்குகிறதாம். நிமிடத்துக்கு 6 முதல் 12 தடவை. நாடித்துடிப்பு வேறு, மூச்சு வேறு, இது மூன்றாவது தாளம். மண்டையோட்டுக்குள் இருக்கும் நீர் ஏறி இறங்குவதால் இது வருகிறது, அதே நீர் முதுகுத்தண்டின் அடிவரை போவதால் இடுப்புக்குப் பின்னால் இருக்கும் முக்கோண எலும்பும் கூடவே அசைகிறது என்பது கொள்கை. அந்த எலும்புக்கு லத்தீனில் சேக்ரம், "புனித எலும்பு" என்று பொருள். தமிழில் திருவெலும்பு என்று சொல்லாக்கியவர்கள் அந்தப் பொருளை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். கிரேனியம் என்றால் மண்டையோடு. இரண்டையும் சேர்த்தால் கிரேனியோசேக்ரல்.

இனி கதை.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்று ஒருவர். 1828ல் பிறந்தவர், அப்பா பாதிரியாரும் வைத்தியரும். சின்ன வயதில் இவருக்கு அடிக்கடித் தலைவலி வரும். ஒருநாள் இரண்டு மரங்களுக்கு நடுவில் ஊஞ்சல் கயிற்றைத் தாழக் கட்டி, அதன்மேல் போர்வையைப் போட்டு, கழுத்தை அதில் கொடுத்துத் தரையில் படுத்தார். அப்படியே தூங்கிப்போனார். எழுந்தபோது தலைவலி இல்லை. தன் சுயசரிதையில் இதை அவரே எழுதியிருக்கிறார். மேலே சொன்ன "பிடரிக்கு அடியில் கை" என்பதையும் இந்த ஊஞ்சல் கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெரியவரானதும் அவரும் வைத்தியம்தான் செய்தார். அன்றைய அமெரிக்க வைத்தியம் என்பது பாதரச உப்பு கொடுப்பது, ரத்தத்தை வடிப்பது, பேதிக்குக் கொடுப்பது. 1864ல் மூளை உறைக் காய்ச்சலில் அவருடைய மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். எந்த மருந்தும் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு மருந்தின்மேல் நம்பிக்கையே இல்லை. எலும்பும் தசையும் அதனதன் இடத்தில் இருந்தால் ரத்தம் ஒழுங்காக ஓடும், ரத்தம் ஓடினால் உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கொள்கையை 1874ல் அறிவித்தார். ஆஸ்டியோபதி என்று பெயர் வைத்தார். 1892ல் கிர்க்ஸ்வில்லில் கல்லூரி. முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டில் தலை எலும்பைப் பற்றி இப்படியெல்லாம் சொல்லவில்லை. சொன்னது அவருடைய மாணவர்.

வில்லியம் கார்னர் சதர்லேண்ட், 1873ல் பிறந்தவர். பத்திரிகை ஆபீசில் அச்சு வேலை பார்த்து, ஆசிரியர் நிலைக்கு வந்தவர். ஆஸ்டியோபதியைப் பற்றிக் கேள்விப்பட்டு, இருபத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு கிர்க்ஸ்வில்லுக்குப் படிக்கப் போனார். 1899ல், கல்லூரியில் கண்ணாடிக்குள் வைத்திருந்த ஒரு மண்டையோட்டின் முன்னால் நின்றார். சாதாரண மண்டையோடு இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் முறையில் ஒவ்வொரு எலும்பையும் கழற்றி, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கம்பியில் பொருத்திய மண்டையோடு. வெடித்துச் சிதறி அந்தரத்தில் நின்ற மாதிரி இருக்கும். தலையில் மொத்தம் 22 எலும்புகள் என்று அறிவியல் டீச்சர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். அவை எப்படிப் பொருந்துகின்றன என்று அதில் தெளிவாகத் தெரியும்.

காதுக்கு மேலே இருக்கும் பொட்டெலும்பின் ஓரம் நேராக வெட்டிய மாதிரி இல்லாமல், சாய்வாகச் சீவிய மாதிரி இருக்கும். மேலே உள்ள எலும்பின்மேல் அது ஓடு மாதிரி படிந்து உட்காரும். இது உண்மை, எந்த உடற்கூறு புத்தகத்திலும் பார்க்கலாம். அதைப் பார்த்ததும் சதர்லேண்டுக்கு ஒரு எண்ணம் தோன்றியது: மீனின் செவுள் மாதிரி இருக்கிறதே! செவுள் எதற்கு இருக்கிறது? மூச்சுவிட. அப்படியானால் தலையும் மூச்சுவிடுகிறதா?

ஒரு நொடியில் தோன்றிய உவமை. ஒரு கவிஞருக்கு இது வந்திருந்தால் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார். சதர்லேண்ட் மிச்சமிருந்த ஐம்பத்தைந்து வருட ஆயுளையும் இதிலேயே கழித்தார்.

அவரைக் கேலி செய்வது எளிது. நான் செய்யமாட்டேன். தன் எண்ணம் பைத்தியக்காரத்தனம் என்றுதான் முதலில் அவரே நினைத்தார். வளர்ந்தவர்களின் மண்டையோட்டு எலும்புகள் அசையாது என்று நிரூபித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றே ஆராய்ச்சியைத் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறார். 1900ல் பட்டம் வாங்கி, மின்னசோட்டா மாநிலத்தில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். வீட்டில் ஒரு மண்டையோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பேனாக்கத்தியின் அலகால் பொருத்துவாய்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு தன் தலையிலேயே சோதனை. வெண்ணெய் எடுக்கும் மரக்கிண்ணம், தோல் வார், அமெரிக்கர்கள் ஃபுட்பால் ஆடும்போது போடும் தோல் ஹெல்மெட், இவற்றையெல்லாம் வெட்டித் தைத்து, தன் தலையின் ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியாக நெருக்கும் கருவிகளைச் செய்தார். வாரை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்வார். தலைவலி வந்தது. சுபாவமே மாறியது. அவர் மனைவி ஏடா பக்கத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்து, பின்னாளில் கணவரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பதிந்திருக்கிறார். அந்த அம்மாவை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. மாலையில் கணவர் தலையில் மரக்கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னவென்று சொல்வது?

முதலில் "ப்ளண்ட் போன் பில்" என்ற புனைபெயரில் எழுதினார். மழுங்கிய எலும்பு பில்! சொந்தப் பெயரில் எழுதத் தயக்கம் இருந்திருக்கும். 1939ல் "கபாலக் கிண்ணம்" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சின்னப் புத்தகத்தைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். முதலில் சகாக்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1940களில்தான் மெல்ல மாணவர்கள் சேர்ந்தார்கள். 1954ல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் பேச்சில் எலும்பு குறைந்து, கடலின் ஏற்ற இறக்கமும் உயிர்மூச்சும் கூடிக்கொண்டே போயின.

அவர் கொள்கையின் அச்சாணி ஒரு மூட்டு. மண்டையோட்டின் அடித்தளத்தில், நடுவில், வௌவால் மாதிரி இறக்கை விரித்த ஆப்பெலும்பும் பின்னால் இருக்கும் பிடரி எலும்பும் சேருமிடம். அந்த இடம் கீல் மாதிரி மடங்கி விரிவதால்தான் தலை முழுவதும் அசைகிறது என்றார். குழந்தைகளுக்கு அங்கே குருத்தெலும்பு இருப்பது நிஜம். ஆனால் பதின்ம வயது முடிவதற்குள் அது இறுகி ஒரே எலும்பாகிவிடும். நாற்பது வயதுக்காரரின் தலையில் அந்தக் கீல் இல்லை. மண்டையோட்டுத் தையல்கள் எதற்குத்தான் இருக்கின்றன என்று கேட்பீர்கள். மூளை வளர வளர எலும்பும் வளர வேண்டும் அல்லவா, அதற்கு. அடி தாங்கவும் உதவுகின்றன. ஆட்டின் மண்டை எலும்பை வைத்து 1990ல் செய்த சோதனையில், தையல் உள்ள எலும்பு தையல் இல்லாத எலும்பைவிட அதிக அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது. கிடா முட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மூளையைச் சுற்றி நீர் இருப்பது மட்டும் கற்பனை கிடையாது. இதை நேப்பிள்ஸ் நகரத்து தோமெனிகோ கொட்டூஞ்ஞோ 1764லேயே எழுதிவிட்டார். அதற்கு முந்தைய உடற்கூறு வல்லுநர்கள் பிணத்தின் தலையை முதலில் வெட்டி எடுத்துவிடுவார்கள். நீரெல்லாம் வழிந்து போய்விடும். பிறகு உள்ளே ஒன்றும் இல்லையே என்பார்கள். இவர் தலையை வெட்டாமல் பிணத்தை நிற்க வைத்து, கீழே இடுப்புப் பகுதியில் திறந்தார். நீர் வந்தது. வளர்ந்த ஒருவருக்கு எந்த நேரத்திலும் 150 மில்லி அளவுக்கு இருக்கும், ஒரு சின்ன டம்ளர். தினமும் அரை லிட்டர் போலப் புதிதாகச் சுரக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் அது அசைவது தெரிகிறது. இதயம் துடிக்கும்போது அசைகிறது, மூச்சு இழுக்கும்போது அசைகிறது. சதர்லேண்ட் சொன்ன தனித் தாளம் என்ற ஒன்றுக்குத்தான் வழக்கு.

சதர்லேண்ட் காலத்தில் இது டாக்டர் பட்டத்துக்கு ஈடான படிப்பு படித்த ஆஸ்டியோபதிக்காரர்களுக்குள்ளேயே இருந்தது. நம் ஊர் மசாஜ் நிலையம்வரை கொண்டுவந்தவர் ஜான் அப்லெட்ஜர் (1932–2012). அவரும் கிர்க்ஸ்வில்லில் படித்தவர். 1970களின் தொடக்கத்தில், ஃப்ளோரிடாவில் ஒரு கழுத்து அறுவை சிகிச்சையில் உதவிக்கு நின்றார். முதுகுத்தண்டைச் சுற்றியிருக்கும் டியூரா என்ற கெட்டியான உறையை அசையாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை. பிடிக்க முடியவில்லை. அது ஒரு தாளத்தில் முன்னும் பின்னும் போய்வந்தது. நோயாளியின் மூச்சோடும் அது பொருந்தவில்லை, இதயத் துடிப்போடும் பொருந்தவில்லை என்று அவர் சொன்னார். பிறகு சதர்லேண்ட் முறையைப் படித்தார். 1975 முதல் 1983வரை மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆராய்ந்தார். கிரேனியோசேக்ரல் தெரபி என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். 1985ல் ஃப்ளோரிடாவில் சொந்தமாகப் பயிற்சி நிறுவனம் தொடங்கி, பிசியோதெரபிஸ்ட், நர்ஸ், மசாஜ் செய்பவர் என்று யார் வந்தாலும் சில நாள் வகுப்பில் கற்றுக்கொடுத்தார். ஆஸ்டியோபதிக்காரர்கள் பலருக்கு இதில் கோபம். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது இதனால்தான்.

இப்போது சோதனைகளுக்கு வருவோம். இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு நோயாளியை மேஜையில் படுக்க வைக்கிறீர்கள். ஒரு நிபுணர் தலையில் கை வைக்கிறார். இன்னொரு நிபுணர் அதே நேரத்தில் பாதத்தில் கை வைக்கிறார். (தாளம் உடம்பு முழுக்கத் தெரியும் என்பது அவர்கள் கொள்கைதானே.) ஒருவர் எண்ணுவது மற்றவருக்குத் தெரியாது. தாளம் ஒன்று என்றால் இரண்டு பேர் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையா? 1998ல் அமெரிக்காவில் 28 பேரை வைத்து இப்படிச் செய்தார்கள். எண்கள் பொருந்தவில்லை. 1994ல் இன்னொரு சோதனை: மூன்று பிசியோதெரபிஸ்டுகள், 12 பேர். மூன்று பேரும் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். 2001ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் தலையிலும் ஒருவர் திருவெலும்பிலும் கை வைத்தார்கள். அங்கே ஒரு சுவாரசியம்: ஒரே நிபுணரைத் திரும்பத் திரும்ப எண்ணச் சொன்னால் அவர் கணக்கு ஓரளவு தன்னோடு தானே ஒத்துப்போனது. இன்னொருவரோடு ஒத்துப்போகவில்லை.

பரீட்சைத் தாளை இரண்டு பேரிடம் திருத்தக் கொடுத்து, ஒருவர் 80 போட்டு மற்றவர் 35 போட்டால் நாம் என்ன சொல்வோம்? மார்க் பையனுடையது இல்லை, திருத்தியவருடையது என்போம். தாளம் படுத்திருப்பவரின் தலையில் இல்லை, வைத்தவரின் கையில் இருக்கிறது என்றுதான் இந்தச் சோதனைகளைப் படித்தால் எனக்குத் தோன்றுகிறது.

ஜேம்ஸ் நார்ட்டன் என்ற உடலியல் பேராசிரியரின் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஓர் ஆஸ்டியோபதி கல்லூரியிலேயே வேலை பார்த்தவர். 1991ல் அவர் இந்தத் தாளத்துக்கு ஒரு விளக்கம் சொல்லிப் பார்த்தார். தொடுபவரின் நாடி, மூச்சு, தொடப்படுபவரின் நாடி, மூச்சு, இந்த நான்கும் விரல் நுனியில் கலக்கும்போது புதிதாக ஒரு தாளம் இருப்பது போலத் தோன்றலாம் என்றார். நல்ல விளக்கம்தான். ஆனால் பதினோரு வருடம் கழித்து 2002ல், ஸ்டீவ் ஹார்ட்மன் என்ற சக பேராசிரியரோடு சேர்ந்து, கிடைத்த சோதனைகளை எல்லாம் அலசிவிட்டு, ஆஸ்டியோபதி கல்லூரிகள் இந்தப் பாடத்தைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். தன் கல்லூரி கற்பிக்கும் பாடத்தைப் பற்றி அப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். நாற்பது வருடம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன்.

சரி, தாளம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். போய்விட்டு வந்தவர்கள் "சுகமாக இருந்தது, தலைவலி விட்டது, நன்றாகத் தூங்கினேன்" என்கிறார்களே? பொய் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. இருட்டான அறை, ஒரு மணி நேரம் போன் இல்லை, பேச்சில்லை, உங்கள் தலையின் பாரத்தை இன்னொரு மனிதர் அவசரமே இல்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அது கிடைத்திருக்கிறது? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட அம்மா தலையைப் பிடித்தபோது சொக்கிப்போன கண்கள்தானே நமக்கெல்லாம். 2016ல் ஜெர்மனியில் நாள்பட்ட கழுத்துவலி உள்ள 54 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த முறையையும் மறுபாதிக்குச் சும்மா லேசாகத் தொடுவதையும் எட்டு வாரம் செய்தார்கள். முறைப்படி செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. 2024ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பலன் எதுவும் தென்படவில்லை என்று முடித்தார்கள். ஆக, வலிக்கு உதவுமா என்ற கேள்வி இன்னும் இழுபறியில் இருக்கிறது. எனக்கு உடம்பு அசதியாக இருந்து, கையில் காசும் இருந்தால், நானே போய்ப் படுப்பேன். அது எனக்கும் என் காசுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

குழந்தை என்று வரும்போது எனக்கு அந்தத் தாராள மனசு வரவில்லை. போன் செய்த மாணவி உண்மையில் கேட்க வந்தது அதைத்தான். பையனுக்கு மூன்று வயது. இன்னும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. தெரிந்தவர் ஒருவர் "தலை எலும்பு இறுகியிருக்கு, இருபது சிட்டிங்கில் சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். அவள் நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரசவத்தில் குழந்தையின் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தலை நீண்டு வெளியே வருவது எல்லாருக்கும் தெரியும். உச்சிக்குழி மூட ஒன்றரை வருடம்கூட ஆகும். எலும்பு அசையும் என்ற கொள்கை ஏதாவது வயதில் பொருந்தும் என்றால் அது இந்த வயதில்தான். நம் பாட்டிமார்கள் காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்தி, தலையை உருட்டி மூக்கை நீவி விட்டதும் அந்த மென்மையை நம்பித்தான் (உச்சிக்குழியை அழுத்தாதீர்கள் என்று டாக்டர்கள் திட்டுவது வேறு விஷயம்). 1966ல் வயோலா ஃப்ரைமன் என்ற ஆஸ்டியோபதி டாக்டர், பிறந்து சில நாட்களேயான 1,250 குழந்தைகளின் தலையைத் தொட்டுப் பார்த்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பிசகு இருப்பதாக எழுதினார். குழந்தைகளுக்கு இதைச் செய்பவர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் பிசகு இருக்கிறது என்று சொன்னது எது? தொட்ட கை. இரண்டு கைகள் ஒத்துப்போவதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டோமே, அதே கை. பெரும்பாலோருக்குப் பிசகு என்றால், அது பிசகா, குழந்தை என்றாலே அப்படித்தானா?

ஆட்டிசத்தை இது சரியாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. 1999ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இந்த வைத்தியத்தைப் பற்றிய எல்லா ஆராய்ச்சிகளையும் பரிசீலித்து, பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றார்கள். 5 கிராம் பாரத்தால் குழந்தைக்குக் காயம் ஏற்படப் போவதில்லைதான். போவது காலம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஸ்பீச் தெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடங்க வேண்டிய மாதங்கள் இவை. இருபது சிட்டிங் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் அந்த மாதங்கள் திரும்பி வராது. அவளிடம் இதைத்தான் சொன்னேன்: முதலில் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் காட்டு, காது கேட்கிறதா என்று பரிசோதனை செய், நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஆர்வம் இருந்தால் ராத்திரி நீயே அவன் தலையை மடியில் வைத்துக் கோதிவிடு, அதற்குக் காசு வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தலையில் அடிபட்டவர்கள், சமீபத்தில் மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள், மண்டைக்குள் அழுத்தம் அதிகம் என்று டாக்டர் சொன்னவர்கள் இதற்குப் போகக் கூடாது. இதைச் சொன்னது எதிரிகள் இல்லை, அதே துறைக்காரர்கள். மிச்சிகன் ஸ்டேட்டைச் சேர்ந்த ஃபிலிப் க்ரீன்மனும் ஜான் மெக்பார்ட்லண்டும் 1995ல், தலைக்காயம் பட்ட 55 பேரில் 3 பேருக்கு இந்தச் சிகிச்சையால் உபத்திரவம் வந்ததை மறைக்காமல் எழுதினார்கள்.

பையன் விஷயமாகக் கேட்க நினைப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். யாருடைய பெயரையும் இங்கே போட வேண்டாம்.

அடுத்த வாரம் இதே தலையோடு சம்பந்தப்பட்ட இன்னொரு கதை: "ஷாம்பு" என்ற ஆங்கிலச் சொல் நம் நாட்டிலிருந்து போனது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் குளியல் நிலையம் வைத்து, ராஜாக்களுக்கே உடம்பு பிடித்துவிட்டார். அப்போது ஷாம்பு என்றால் நுரை இல்லை, பிடித்துவிடுவது.